பக்க ஓரத்து விரல்கள்

என் அக்காவின் விரல்களை அழிப்பதற்காக எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என்ன செய்ய, வேலை அப்படித்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் நாலைந்து வருடங்கள். குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடம். கீழே டைல்ஸ் கடை, முதல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர், இரண்டாவது மாடியில் நாங்கள். பழைய நூலகங்களிலிருந்து நூறு வருடம், நூற்றைம்பது வருடம் ஆன ஆங்கிலப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். பிரயாணப் புத்தகங்கள், செடிகொடிகள், பறவைகள், கோயில்கள், மலைகள். அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கி, டிவிடியில் எழுதி, வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். எழுத்து மட்டும் இருக்கும் பக்கங்களால் தொல்லை இல்லை. படம் போட்ட பக்கங்கள்தான் உயிரை வாங்கும்.

அக்கா ஸ்கேனர் ஆபரேட்டர். நான் க்ளீன்-அப். அவள் ஒரு வருடம் முன்னால் சேர்ந்து, நான் விலங்கியலில் ஒரு அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, சாரிடம் சொல்லி என்னையும் உள்ளே இழுத்துப் போட்டாள். சார் என்றால் எங்கள் சூப்பர்வைசர். அவருக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தை 'ரிஜெக்‌ஷன்'.

அந்த ஸ்கேனரில் கண் மேலே இருக்கும். புத்தகத்தைக் கீழே மல்லாக்கத் திறந்து வைக்க வேண்டும். விளக்கு ஒரு கோடாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும். பழைய புத்தகம் சொன்ன பேச்சு கேட்காது, தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். அதனால் ஆபரேட்டர் இரண்டு பக்க ஓரத்தையும் விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிடித்த விரல் படத்தில் விழும். விரலுக்குப் போட ரப்பர் உறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தாள் எப்போது கிழியப் போகிறது என்று விரலுக்குத் தெரியாது என்று அக்கா கழற்றி வைத்துவிடுவாள். ஆகவே அவள் எடுத்த படப் பக்கம் எல்லாவற்றிலும், இந்த ஓரத்தில் இரண்டு நுனி, அந்த ஓரத்தில் இரண்டு நுனி என்று அவள் விரல்கள் இருக்கும்.

அது என் கணினிக்கு வரும். நான் விரலைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இருக்கும் வெற்றுத் தாளின் நிறத்தை எடுத்து மேலே பூசுவேன். பழைய தாளின் நிறம் ஒன்றல்ல. ஓரத்தில் டீத்தண்ணி, உள்ளே போகப் போகப் பசுநெய். அதைச் சரியாகப் பொருத்தினால்தான் அங்கே ஒரு விரல் இருந்தது என்பதே தெரியாது. இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி. "உன் பேட்ச்ல ஒரு புள்ளி கூட காட்ட முடியாதும்மா" என்று சார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தலைக்கனத்தோடு திரிந்ததும் உண்டு.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவளுக்குத் தப்புகள்தான் பிடிக்கும்.

எங்கள் கட்டடத்தை ஒட்டி எக்ஸ்பிரஸ் ரயில் போனால் மேஜை லேசாக அதிரும். அந்த நேரத்தில் ஸ்கேனரின் விளக்கு நகர்ந்துகொண்டிருந்தால் படத்தில் நேர்க்கோடெல்லாம் நெளிந்துவிடும். ஒருமுறை நடுக்கடலில் அசையாமல் நிற்கும் ஒரு பாய்மரக் கப்பலின் படம். மெல்லிய கோடுகளாலேயே செதுக்கியது. ரயில் போனபோது எடுத்ததில் அந்தக் கோடுகள் எல்லாம் எழும்பித் தாழ்ந்து, கடல் முழுக்க அலை வந்துவிட்டது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருடி, இத்தனை வருஷம் நின்னுகிட்டே இருந்த கப்பல், நம்ம ரயிலைப் பாத்துட்டுக் கிளம்பிடுச்சு."

"ரீ-ஸ்கேன் பண்ணு. எனக்கு வேலை கெடக்கு" என்றேன் நான்.

இன்னொரு முறை தும்மல் வந்து தாளை விட்டுவிட்டாள். யானைக்கு இரண்டு தும்பிக்கை வந்துவிட்டது. ஒன்று தரையைப் பார்த்து, ஒன்று வானத்தைப் பார்த்து. படத்துக்கு மேலே பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை முழுதாகத் திருப்பாமல் எடுத்ததில், கிணற்றடியில் தண்ணீர் சேந்தும் ஒரு பெண்ணின் மேல் பாதியளவுக்குப் பனி மூடிக்கொண்டது. மார்கழியில் எங்கள் வீட்டுப் பக்கத்து முடிச்சூர் சாலை காலையில் இப்படித்தான் இருக்கும் என்றாள் அக்கா. ஒரு பறவைப் புத்தகத்தில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று கிளியின் கண்ணில் ஆரம்பித்து, ஆந்தையின் வயிற்றில், கொக்கின் காலுக்கடியில் என்று நாற்பது பக்கம் போய் ஒரு மயில் தோகையில் முடிந்தது. "ஒரே ஒரு பூச்சி, எத்தனை பேரைப் பாத்துட்டு வந்திருக்கு" என்று அதையும் ரசித்தாள். எதிர்ப்பக்கத்துப் பூவின் மை நூறு வருடமாக ஒட்டி ஒட்டி, எழுத்துக்கு நடுவே பழுப்பாக ஒரு பூ விழுந்திருக்கும். அதை நான் அழிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அது வேணும்னு யாரும் போடலடி, தானா வந்தது" என்பாள். தானாக வந்ததாக இருந்தால் மட்டும் வாடிக்கையாளர் விட்டுவிடுவாரா? எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தத் தப்புகளை எல்லாம் ஒரு நகல் எடுத்து, சர்வரில் ஒரு மூலையில் தனி ஃபோல்டர் போட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். 'அழகு' என்று ஆங்கில எழுத்தில் பெயர். மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். டீ கொண்டுவரும் பெண் கூட அதில் ஒரு ரசிகை. "இன்னாம்மா இது, யானைக்கு ரெண்டு கீது!" என்று ஒரு நாள் அவள் சிரித்த சிரிப்பில் டீ கீபோர்டில் கொட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் நிரம்பிவிட்டது. தேவையில்லாததை எல்லாம் சாயங்காலத்துக்குள் அழித்துவிடச் சொல்லி சார் என்னிடம் கொடுத்தார். அன்று காலையில்தான் எனக்கும் அக்காவுக்கும் ஒரு துப்பட்டாவுக்காகச் சண்டை. என்னுடையதை அவள் கேட்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் 'அழகு' ஃபோல்டரை அழித்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு டிவிடியில் எழுதிக்கொண்டிருப்பாள், ஐந்து நிமிட வேலை. அது தெரிந்துதான் கேட்கவில்லை.

அவள் கத்தவில்லை. "தப்பைத்தானே அழிச்சே, விடு" என்றாள். அன்று திரும்பும்போது லேடீஸ் பெட்டியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை நின்றே வந்தாள். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. துப்பட்டாவைத் துவைத்து, இஸ்திரி போட்டு என் பக்கம் வைத்திருந்தாள். எனக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் குழாய், பைப் விற்கும் கடை. எங்கள் வீட்டில் மனிதர் படம் மாட்டுவதில்லை. மாட்ட மட்டுமல்ல, எடுப்பதும் இல்லை. அத்தா அதை ஒரு சட்டமாகச் சொன்னதே கிடையாது. பள்ளியில் குரூப் ஃபோட்டோ எடுத்தால் காசு கேட்போம். "எதுக்கும்மா அது, நீங்கதான் இங்கயே இருக்கீங்களே" என்பார், அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் எங்கள் பக்கம் திரும்பினால் அம்மா முந்தானையைத் தூக்கி மூன்று பேரையும் மறைத்துவிடுவாள். அக்கா என்று இருந்த ஒரே படம் அவளுடைய வாக்காளர் அட்டையில் இருந்தது. கறுப்பாக ஒரு முகம், ஒரு கண் மூடியபடி. அது தான்தான் என்று அவளே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த வருடம் பெருநாளுக்கு அம்மா பக்கத்து வீட்டு மரத்திலிருந்து மருதாணி பறித்து, களிப்பாக்கு சேர்த்து அம்மியில் அரைத்து, எங்கள் இருவருக்கும் அவளே வைத்துவிட்டாள். உள்ளங்கையில் ஒரு வட்டம், பத்து விரல் நுனிக்கும் தொப்பி. இருவருக்கும் ஒரே மாதிரி நன்றாகச் சிவந்திருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் சார் அக்காவின் கையைப் பார்த்துப் பதறினார். "அய்யோ, புக்ல ஒட்டிக்கிச்சுன்னா ரிஜெக்‌ஷன்மா!" அக்கா அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரிலேயே விரலைத் தேய்த்துக் காட்டுகிறேன் என்று கிளம்ப, அவர் அறைக்குள் ஓடிவிட்டார்.

ஆனால் எனக்குத் தொல்லைதான். சிவந்த விரலின் சாயல் பக்கத்துத் தாளிலும் லேசாக விழும். விரலை அழித்தாலும் அந்தச் சிவப்பு ஒரு கசிவாக நிற்கும். "உன் விரலால எனக்கு வேலை டபுள் ஆகுது" என்று திட்டினேன். அவள் பதிலுக்குப் பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

அதற்கு அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டாள். ஒரு வாரம் கஞ்சியும் ரொட்டியுமாகப் படுத்திருந்தாள். எட்டாம் நாள் எங்களை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தாள். மருத்துவமனையில் சேர்த்த நாலாவது நாள் மௌத்தாகிவிட்டாள். காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். இருபத்தாறு வயது.

குளிப்பாட்டும்போது நானும் அம்மாவும் இருந்தோம். நகம் வளர்ந்து மருதாணி நுனிக்குப் போயிருந்தது. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கழுவினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அழுகை வரவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் போனார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதில்லை. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம், அத்தோடு சரி. அத்தா போய்விட்டு வந்து, கால் கழுவி, பாயில் உட்கார்ந்தவர், கண் கலங்காமல் வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே கடையைத் திறந்துவிட்டார். அவர் அழாதது எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் சாப்பிடுவார். போட மறந்தால் கேட்கமாட்டார்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்.

"தினமும் அவ விரலு வருது, விரலு வருதுன்னு சொல்லிகிட்டே இருப்பியே. ஒண்ணாவது அங்க இருக்காதா?"

நான் அத்தா இருந்த பக்கம் பார்த்தேன். அவர் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நிமிராமலே, "கைதானே. முகம் இல்லியே. இருந்தா கொண்டாம்மா" என்றார்.

அவர் வாழ்நாளில் ஒரு படம் கேட்டது அன்றுதான்.

மறுநாள் வேலைக்குப் போய் முதல் காரியமாகத் தேடினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் முறை இதுதான்: சுத்தம் செய்த பக்கங்களை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டதும், சுத்தம் செய்யாத அசல் ஸ்கேனை அழித்துவிடுவோம். இடம் போதாது. ஒன்றரை வருடமாக அவள் எடுத்த அசல் எல்லாவற்றையும் ஒவ்வொரு பேட்சாக அழித்தது நான்தான். மிச்சம் இருந்தது சுத்தமான பக்கங்கள்.

சரி, அதிலாவது தேடுவோம் என்று அவற்றைத் திறந்தேன். அவள் எடுத்த பக்கம் எது என்று கணக்குத் தாளில் இருக்கும். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு எண், அவளுடையது நான்கு. நான்காம் எண் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஓரங்களில் ஒரு நகத்துணுக்கு, ஒரு சிவப்புக் கசிவு, மறந்து விட்ட ஒரு நிழலாவது இருக்கிறதா என்று பார்த்தேன். என் வேலையில் குறை தேடினேன். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே வேலை. மரங்கள் இருந்தன, கோபுரங்கள் இருந்தன, பல்லக்குத் தூக்கிகள் இருந்தார்கள். ஓரங்களில் வெறும் தாள். அவள் விரல் இருந்த இடம் எல்லாம் டீத்தண்ணியும் பசுநெய்யுமாக, அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. சார் பாராட்டியது சரிதான். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேஜைக்காரி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள்.

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்தார்.

"மலைப் பிரயாணம் புக்கு ஒண்ணு திரும்பி வந்துச்சே, படத்தோட பிளேட் நம்பர் மாறிப் போச்சுன்னு. அதோட ஒரிஜினல் மட்டும் நான் எடுத்து வெச்சேன். எல்லாம் ஓகே ஆகுற வரைக்கும் இருக்கட்டும்னு. மூணு மாசம் முன்னாடி எடுத்தது. பாரும்மா."

மூன்று மாதம் முன்னால் என்றால் பெருநாள் முடிந்த கையோடு எடுத்தது.

அது ஆபரேட்டர்கள் இரண்டு மூன்று பேர் பங்கிட்டு எடுத்த புத்தகம். முதல் நூறு பக்கங்களில் ஒன்றாம் எண்காரரின் ரப்பர் உறைதான் வந்தது. நான்காம் எண் தொடங்கிய இடத்தில் எழுத்துப் பக்கங்கள், அவற்றில் விரல் இல்லை. எழுத்துப் பக்கங்களை இயந்திரமே ஓரம் வெட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு படம். ஏற்கெனவே ஒருமுறை எடுத்துச் சரியில்லை என்று மறுபடி எடுத்தது போல, ஒரே படம் இரண்டு முறை இருந்தது. இரண்டாவதை எழுத்துப் பக்கங்களோடு சேர்த்து எடுத்திருந்ததால் இயந்திரம் அதன் ஓரத்தையும் வெட்டியிருந்தது. முதலாவதைத் திறந்தேன்.

ஒரு மலைச்சரிவு. சாம்பலும் நீலமுமாக வண்ணம் தீட்டிய படம். கீழே ஒரு பாதையில் எறும்பளவில் நாலைந்து பேர் மூட்டையோடு போகிறார்கள். வலது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்திருந்தது. வெறும் நுனி இல்லை. நான்கு விரலும் முழுதாக, புறங்கை வரைக்கும். தாள் சுருண்டிருக்க வேண்டும், உள்ளே நீட்டி அழுத்திப் பிடித்திருக்கிறது. சிவந்த நான்கு நுனியும் மலைக்கு மேலே வானத்தில் இருந்தன. விரல்களின் நிழல் பாதை மேல் சாய்ந்து விழுந்து, அந்தச் சின்ன மனிதர்கள் அந்த நிழலில் நடந்துபோகிற மாதிரி இருந்தது. யாரும் நினைத்து வைத்ததில்லை. அவள் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் என்னை அங்கேயே இழுத்து வந்து நிறுத்தியிருப்பாள். நான் கணக்குத் தாளை எடுத்துச் சரிபார்த்தேன். நான்காம் எண்.

அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுத் தாள் கூட வெளியே போகக் கூடாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். சார் அவரே கலரில் ஒரு பிரதி எடுத்து, பழுப்புக் கவரில் போட்டு, மேலே தன் கையெழுத்தைப் போட்டார். "நான் ஒண்ணும் பாக்கல" என்றார். அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது.

அன்று ரயிலில் கவரை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு வந்தேன். தாம்பரத்தில் இறங்கியபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அத்தா மஃரிப் தொழுதுவிட்டு வந்திருந்தார். கவரைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். மலையையோ மனிதர்களையோ அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. கட்டை விரலால் அந்தக் கையை ஒருமுறை தடவினார். தடவிவிட்டு, "மருதாணி சிவந்திருக்கு பாரு, நல்லா" என்று சொல்ல ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு, பாயில் சரிந்து, அப்படி அழுதார். ஐம்பது நாளுக்கு மேலாகத் தேக்கி வைத்தது அத்தனையும் வந்தது. அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகையோடு சேர்ந்து ஒரு நிம்மதி. நான் அழித்ததற்கெல்லாம் ஒன்றாவது திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் முகம் கழுவப் போனபோது அம்மா தாளைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னிடம் நீட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, தெளிவா இல்லியா?"

அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டு விரலைத் தொட்டாள்.

"அவளுக்கு இது உள்பக்கமா வளைஞ்சிருக்கும். பொறந்ததிலேருந்து. மருதாணி வைக்கும்போதெல்லாம் அதை நிமித்திப் பிடிச்சுகிட்டுத்தான் வைப்பேன். இதுல நேரா இருக்கு." விரலை விட்டாள். "இது உன் கை."

இல்லை, நான்காம் எண் என்று போட்டிருக்கிறது, நான் பார்த்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்தபோதே எனக்கு நினைவு வந்துவிட்டது.

அக்கா வேலை நேரத்திலும் லுஹர் தொழுகையை விடமாட்டாள். ஒன்றேகாலுக்கு ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு துண்டை விரித்துத் தொழுவாள். அந்தக் கால் மணி நேரம் ஸ்கேனர் சும்மா நிற்கக் கூடாது என்று அவள் இடத்தில் நான் போய் உட்காருவேன். தொழுகையில் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது, அதனால் எனக்கு நேரம் இருந்தது. அவள் எண்ணிலேயே எடுப்பேன், அவள் கணக்கு குறையாமல் இருக்கட்டும் என்று. கிட்டத்தட்ட எல்லா நாளும் நடந்ததுதான், அதனால்தான் அது ஒரு விஷயமாகவே என் மனதில் இல்லை. அக்காவாக இருந்தால் முழுக் கையை உள்ளே விட்டிருக்கவே மாட்டாள். இரண்டு நுனி போதும் அவளுக்கு. பழக்கமில்லாத கைதான் அப்படிப் பயந்து அழுத்திப் பிடிக்கும். அவள் தொழுதுவிட்டு வந்து, நான் கெடுத்ததைப் பார்த்து, மறுபடி சரியாக எடுத்திருக்கிறாள்.

அவள் விரலை என்னைவிட அதிகம் பார்த்தவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுண்டு விரல் வளைந்தது என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்க ஓரத்தில் விழுந்த நுனி மட்டும், அதுவும் எங்கே கோடு போட்டு அழிப்பது என்பதற்காகப் பார்த்தது.

"அத்தாகிட்ட சொல்லிடறேம்மா" என்றேன்.

அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள். "சொல்லாதே. அவரு இப்பத்தான் அழுதிருக்காரு."

சொல்லவில்லை. மறுநாள் போய் அந்தப் படத்தின் நேரத்தை மட்டும் பார்த்தேன். மதியம் ஒன்று இருபது. அந்த டிஸ்க்கில் மிச்சம் இருந்த பக்கங்களையும் ஒன்று விடாமல் பார்த்தேன். அவளுடைய பங்கில் இருந்தவை எழுத்துப் பக்கங்கள், வெட்டிய ஓரங்கள். வேறு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் அந்த வேலையை விட்டு நாவலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே இன்ஷூரன்ஸ் படிவங்களைச் சரிபார்க்க வேண்டும், அழிப்பதற்கு எதுவும் இல்லை.

அத்தா அந்தத் தாளை மாட்டவில்லை. பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டதும் அதை எடுப்பார். மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, அவளுக்காக துஆ கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக, அவள் பேரைச் சொல்லிக் கேட்பார். தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நிற்பேன். அவர் கண்ணைத் திறந்து நிமிர்வதற்குள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, என் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வேன்.